வாசற்படியிலிருந்து பதினாலாயிரத்து அறுநூறு அடி

...பதினொன்றா, பன்னிரண்டா, இந்தப் படிக்கு வரும்போதுதான் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை நழுவிவிடுகிறது, முப்பதாவது படி, நடுவில் தேய்ந்து லேசாகக் குழிந்த படி, நேற்றைய மழைத்தண்ணீர் அதில் ஒரு கை அளவு நிற்கிறது, அதைக் கண்டதும் சேஷகிரியின் மனம் காலை விட்டுவிட்டுப் படியின் சரிவு வாட்டத்துக்குப் போய்விடுகிறது, கால் அங்குலம் வாட்டம் விட்டிருந்தால் தண்ணீர் வழிந்து ஓடியிருக்குமே என்று... முப்பத்தைந்து வருஷம் கட்டடம் கட்டியவருக்கு ஓய்வு பெற்ற பிறகும் இந்த வியாதி போகவில்லை. போகட்டும், எண்ணுவதற்குத்தான் கீழே பிளாட்பார பெஞ்சில் பக்கத்து வீட்டு பிரிஜெட் இருக்கிறாளே. அவர் ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு வேர்க்கடலையை உடைத்துத் தின்றுவிட்டு அதன் ஓட்டைப் பக்கத்தில் வரிசையாக வைக்கிறாள், ஐந்து ஐந்தாக. ஜெபமாலையில் எண்ணலாமே என்று முதல் வாரம் சொல்லிப் பார்த்தார், "மாதா என்ன உங்க பாலத்துக்கு டிக்கெட் கலெக்டரா சார்" என்று கேட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி, பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் சின்ன ரயில் நிலையம், இந்த நேரத்தில் நிற்கிற வண்டி எதுவும் கிடையாது, மேம்பாலம் முழுவதும் அவருக்குத்தான். நாற்பத்திரண்டு படி, இருபது தடவை, முதுகுப்பையில் ஐந்து கிலோ சோனா மசூரி. தலையணை உறையில் கட்டிப் பைக்குள் வைத்த அரிசி, ஆறு வாரமாகக் குலுங்கிக் குலுங்கிப் பாதி நொய்யாகிவிட்டது. போன வாரம் அதில் கொஞ்சம் எடுத்து உப்புமா கிளறிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தபோது, "எவரெஸ்ட் போற அரிசி சார் இது, வாய்ல போட்டாலே மூச்சு வாங்குது" என்றாள் பிரிஜெட். முழுவதையும் தின்றுவிட்டுத்தான் சொன்னாள்.

எவரெஸ்ட். சொல்லும்போது இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது, யாராவது கேட்டால் "அடிவாரம்தான், அடிவாரம் வரைக்கும்தான்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொள்கிறார், ஏதோ அடிவாரம் என்றால் கோரமங்களா பக்கத்தில் இருப்பதுபோல. அக்டோபரில் போக வேண்டும், இன்னும் ஏழு வாரம், அறுபத்தோரு வயது, ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, முழங்கால் இறங்கும்போது மட்டும் ஏதோ முணுமுணுக்கிறது, முணுமுணுக்கட்டும்... இன்றைக்குப் பத்து மணிக்கு முகேஷ் வீட்டுக்கு வருவான், பதில் கேட்பான். அதை நினைத்ததும் பை ஒரு கிலோ கூடிவிட்டது. முகேஷ் நல்ல பையன், பையன் என்ன, நாற்பது வயது இருக்கும், சிவாஜிநகரில் அவன் அப்பா ஆரம்பித்த துணிக்கடைக்கு மேல்மாடியில் ஒரு அறை, அங்கிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை ஆட்களைச் சேர்த்து இமயமலைக்குக் கூட்டிப்போகிறான், வீட்டில் பேசுவது மார்வாரி, தமிழ் கடைவீதியில் கற்றது. புதன்கிழமை அவன் மேஜையில் ஜெயாவின் நோட்டைப் பிரித்து வைத்து, "பாருப்பா, எல்லாம் என் வைஃப் போட்டு வச்சிருக்கா, பன்னெண்டு நாள், நாளுக்கு ஒரு பக்கம்" என்று சொன்னபோது எவ்வளவு பெருமையாக இருந்தது. முகேஷ் விரலை வைத்து வைத்துப் படித்தான், இரண்டாம் பக்கத்திலேயே விரல் நின்றுவிட்டது. மொத்தம் 17,600. நாம் இருப்பது 3,000. மீதி ஏற வேண்டியது 14,600.

"அங்கிள், இந்த மூவாயிரத்த எதுக்கு கழிச்சிருக்காங்க?"

"பெங்களூரே மூவாயிரம் அடியில இருக்கோல்லியோ. நாம ஏற்கெனவே அவ்வளவு ஏறியாச்சே."

அவன் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது தெரிந்தது. பெங்களூர்க்காரர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள் என்றான், மெட்ராஸ்காரர்கள் ஒருத்தர்கூடச் சொன்னதில்லை என்றான். இந்த மூவாயிரத்தை உடம்பு கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது, எட்டாயிரம் தாண்டின பிறகுதான் அது விழித்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பிக்கும், அதனால் வழியில் நாம்சே என்கிற ஊரில் ஒரு நாள், டிங்போசேயில் ஒரு நாள், சும்மா உட்கார்ந்து ரத்தத்தைப் பழக்க வேண்டும், ஆகப் பதினாலு நாள், அதற்குக் குறைந்து அவன் யாரையும் கூட்டிப்போக மாட்டான். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா" என்று இவர் பெங்களூர் வழக்கப்படி கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தார். "நான் பண்ணிக்குவேன் அங்கிள். மலை பண்ணாது." ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் சரி என்றால் மலைக்குப் பறக்கிற குட்டி விமானத்துக்கு ஏழு சீட்டு போடுவான், இல்லை என்றால் ஆறு சீட்டு.

சரி என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது, இரண்டு நாள் கூட உட்கார்ந்திருப்பதில் என்ன கஷ்டம், உட்காருவதற்கு யாராவது அழுவார்களா... ஆனால் நோட்டில் பன்னிரண்டு பக்கம்தானே இருக்கிறது. அதை முகேஷிடம் எப்படிச் சொல்வது. மூன்றாம் நாள் பக்கத்தில், தொங்குபாலம் வரும், கீழே பார்க்காதேள், முன்னால் போகிற என் ஜடையைப் பாருங்கோ. ஆறாம் நாள், மடாலயம், நாலு மணிக்குப் பிரார்த்தனை, பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வரணும், அன்றைக்காவது துவைத்த சாக்ஸ் போட்டுக்கோங்கோ. ஒன்பதாம் நாள், பசிக்காது, பசிக்காவிட்டாலும் சாப்பிடணும், மோர் இருக்கா என்று அவர்களைக் கேட்டு மானத்தை வாங்காதேள். முப்பத்து மூன்று வருஷம் அவரோடு பேசிய அதே குரல், நாளுக்கு ஒரு பக்கமாக, அந்த மலையில் இன்னும் பன்னிரண்டு நாளைக்கு மிச்சம் இருக்கிறது. போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, டிகாஷன் இறங்கிக்கொண்டிருந்தபோது தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், சாயங்காலத்துக்குள் இல்லை, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக அவகாசம் இல்லை, ஆனால் பார், பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். அதில் நடுவே இரண்டு நாளைச் செருகினால் அந்த இரண்டு நாளும் அவள் குரல் இல்லாத நாள், பதினோராயிரம் அடிக்கு மேலே, செய்ய ஒரு வேலையும் இல்லாமல்... அதுவும் போகட்டும், அவள் போட்ட கணக்குத் தப்பு என்று தன் வாயால் எப்படி ஒப்புக்கொள்வது. முப்பத்தோரு வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். "என் வைஃப் ஜியாக்ரஃபி டீச்சர்ப்பா, அவளுக்குத் தெரியாததா" என்று முகேஷிடம் கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் சொல்லிவிட்டு வந்தார், படி இறங்கும்போதே வெட்கமாக இருந்தது, கீழே கடையில் சர்ரு சர்ரென்று துணி கிழிக்கிற சத்தம் கேட்டது.

இப்போது இறங்குவது எத்தனையாவது... பெஞ்சைப் பார்த்தார், ஐந்து ஐந்தாக மூன்று வரிசை, அதற்குப் பக்கத்தில் இரண்டு ஓடு, பிரிஜெட் இரண்டாவதை வைத்துக் கையைத் தட்டிக்கொண்டிருந்தாள், பதினேழு, சரி, இன்னும் மூன்றுதான் என்று நினைத்த நேரத்தில் மெட்ராஸ் பக்கம் போகிற எக்ஸ்பிரஸ் ஒன்று நிற்காமல் பாய்ந்தது, பிளாட்பாரமே ஆடியது, அந்தக் காற்றில் பிரிஜெட்டின் முந்தானை முகத்தில் ஏற, ஓடுகளெல்லாம் பறந்து தண்டவாளத்துப் பக்கம் போயின. "ஐயோ, கணக்கெல்லாம் ஜோலார்பேட்டைக்குப் போகுது சார்" என்றாள். அவர் பையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார், அவள் பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றினாள், அவர் அரிசிக்கு மேலே வைத்திருந்த நோட்டை எடுத்தார், எடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, கை எடுத்துவிட்டது. பத்து மணிக்கு முகேஷ் வருகிறான், என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று சொல்லி அந்த இரண்டாம் பக்கத்தை அவளிடம் காட்டினார். பிரிஜெட் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு பார்த்தாள், கணக்கைப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்த்தாள்.

"டீச்சர் பென்சில்லயா எழுதிருக்காங்க?"

"அதுக்கென்ன?"

"இல்ல, எங்க பொண்ணு டீச்சர்கிட்ட ரெண்டு வருஷம் படிச்சாளே. மேப்புல எல்லைக்கோடு மட்டும் பென்சில்ல போடணும், இன்னொருத்தர் சரிபாத்தப்புறம்தான் இங்க்குன்னு சொல்வாங்களாம். வீட்ல கோலம் போட்டாக்கூட அவ அப்படித்தான் சார், ஒரே பேஜாரு." பிறகு கணக்கைப் படித்தாள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஓ, இந்த மூவாயிரமா? கடைசி வரைக்கும் உங்ககிட்ட சொல்லவே இல்லியா அவங்க?"

"எதை?"

"கோல்ஸ் பார்க்குல நடக்கறப்ப சொல்லிச் சிரிச்சாங்களே சார், போன வருஷம். 'எங்காத்துக்காரர் ஒரே போடா மலையிலேருந்து மூவாயிரம் அடிய வெட்டிட்டார் பிரிஜெட், அவ்வளவுதானா, அப்ப நானும் வரேன்னுட்டார், இப்ப நான் ஏன் வாயத் தொறக்கறேன்'னு. தப்புன்னா சொல்லிடுங்க டீச்சர், பெரிய மலையாச்சேன்னேன். சொல்லிக்கலாம், டைம் இருக்குன்னாங்க."

காபி சூடாக இருந்தது, சர்க்கரை கொஞ்சம் தூக்கல், அவர் அதையே நினைத்துக்கொண்டு இரண்டு வாய் குடித்தார்... அவரா வெட்டினார். அவரேதான். இப்போது ஒவ்வொன்றாக வருகிறது, ராத்திரிச் சாப்பாட்டு மேஜை, ரசம் சாதம், ஜெயா பதினேழாயிரத்து அறுநூறு என்று சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தது, அவர் மலைத்துப்போய் அதெல்லாம் நம்மால் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தது, ஆனால் வாயில் வேறொன்று வந்தது, கட்டடக்காரன் பேச்சு. எந்தக் கட்டடம் போட்டாலும் முதல் வேலை ஒரு இடத்தில் பூஜ்யம் குறிப்பது, ஊர் எவ்வளவு உயரத்தில் இருந்தால் என்ன, வாசற்படிதான் பூஜ்யம், மற்ற எல்லா உயரமும் அதற்கு மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு. இந்த வீட்டைப் புதுப்பித்தபோதுகூட அவர் சிவப்புப் பெயிண்டால் படியின் ஓரத்தில் பூஜ்யம் எழுதினாரே, இன்னும் அழியவில்லை, ஜெயா அதன்மேல்தான் தினமும் கோலம் போட்டாள். "சமுத்திரத்துலேருந்து எதுக்குடீ அளக்கறே, நம்மாத்து வாசலேருந்து அள. மூவாயிரத்தக் கழி. பதினாலாயிரத்துச் சொச்சம்தான், அவ்வளவுதானே, போலாம்." எழுந்து கை அலம்பப் போனார். திரும்பி வந்தபோது அவள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை, உதட்டோரம் மடிந்திருந்தது, ரசத்தில் புளி ஜாஸ்தியோ என்று நினைத்தார். அந்த மடிப்பை எத்தனை தடவை பார்த்திருக்கிறார். ஆயிரம் விடைத்தாளில் சிவப்பு மசியால் அடித்துத் திருத்தியவள், அவருடைய இந்த ஒரு தப்பைப் பென்சிலால் அழகாக எழுதி, கீழே கோடு போட்டு, மீதியும் எழுதி வைத்திருக்கிறாள்.

அப்படியானால் இரண்டு நாளை அவளே பிறகு சேர்த்திருப்பாள், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், அவர் பூட்ஸெல்லாம் வாங்கிப் பின்வாங்க வழியில்லாமல் ஆன பிறகு, ஏன்னா ஒரு சின்ன விஷயம் என்று ஆரம்பித்து... அல்லது அங்கே போன பிறகு, மூச்சு வாங்க நிற்கும்போது. தெரியாது. எப்படியும் முகேஷிடம் பதினாலு என்று சொல்லிவிடலாம், அது முடிந்துபோன விஷயம், சொன்னால் அந்தப் பையன் முகம் எப்படி மலரும். அந்த இரண்டு நாளும் அவள் குரல் இருக்காதுதான், ஆனால் அவள் வாயைத் திறக்காமல் உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நாட்கள் என்று வைத்துக்கொண்டால், அதுவும் அவருக்குப் பழக்கமானதுதானே. "என்ன சார், தானாச் சிரிக்கறீங்க" என்றாள் பிரிஜெட். "உன் காபியில சர்க்கரை ஜாஸ்தி." "அதுக்கா சிரிப்பு." ஆனால் மனம் மலையில் நிற்கவில்லை, பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தது, மைசூருக்கு மத்தூரை விட்டுச் சுற்றிப் போவதுதான் கிட்ட என்று அடித்துச் சொன்னாரே, அது, தனக்குக் கல்யாணி ராகம் நன்றாக வரும் என்று கல்யாணமான புதிதில் சொன்னாரே, அது, மாமியாராகத் தன் அம்மா அவளை ரொம்ப நன்றாக வைத்துக்கொண்டார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாரே, அது... எதையெல்லாம் அவள் பென்சிலில் வைத்திருந்தாள், எதற்கெல்லாம் டைம் இருக்கு என்று நினைத்தாள்.

எழுந்து பையை மாட்டிக்கொண்டார், அரிசி முதுகில் சரிந்து இடம் பார்த்து உட்கார்ந்தது. பிரிஜெட் மடியில் மிச்சமிருந்த கடலையை எண்ணி, வீட்டிலிருந்து எத்தனை எடுத்து வந்தோம் என்று யோசித்து, விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள், முகத்தில் அப்படி ஒரு தீர்மானம், ஐந்து புதுக் கடலையை எடுத்து ஓட்டோடு பெஞ்சில் வைத்தாள், பிறகு தீர்ப்பு மாதிரிச் சொன்னாள்.

"பதினஞ்சு முடிஞ்சிருக்கு சார். இன்னும் அஞ்சு."

பதினேழு. அவர் தன் கண்ணால் பார்த்தார், மூன்று வரிசை, பக்கத்தில் இரண்டு, ஓட்டின் நரம்புகூட நினைவிருக்கிறது. சொல்ல வாய் திறந்தது. ஆனால் அவள் அந்த ஐந்து விரலை விரித்துக் காட்டிக்கொண்டு, ஆறு வாரமாக ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து உட்கார்ந்திருக்கிற அந்தப் பெஞ்சில், அவ்வளவு நிச்சயமாக, அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்... உதட்டோரம் தானாக மடிவது அவருக்கே தெரிந்தது. இது இவ்வளவு சுலபமா, ஜெயா, அல்லது ஒவ்வொரு தப்புக்கும் உனக்கு இப்படி இரண்டு தடவை கூடுதலாக ஏற வேண்டியிருந்ததா.

"சரிம்மா, அஞ்சுதான்" என்று சொல்லிவிட்டு முதல் படியில் காலை வைத்தார்.