ஐலீன் நீங்கலாக

ஹாலோஷா காகித ஆலையின் ஓய்வூதிய நிதியில் பணம் மிஞ்சும் என்று யாரும் கனவிலும் நினைத்ததில்லை. பதினைந்து வருஷம் பற்றாக்குறைப் பாட்டுப் பாடிய கம்பெனி, மிச்சம் என்ற சொல் காதில் விழுந்ததும் பங்கு கேட்டு வந்து நின்றது. கேட்க உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அறங்காவலர்கள் சம்மதிக்க வேண்டும்.

அறங்காவலர் மூன்று பேர். தலைவர் கிளைவ் ரட்டர், வக்கீல். கம்பெனி சார்பில் டொமினிக் பேல். ஓய்வூதியக்காரர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவள் ஐலீன் ஹாஸ்லம். எழுபத்தொன்பது வயது, ஆலையில் தாள் பிரித்து அடுக்கியே தோள்பட்டை தேய்ந்தவள்.

1997க்கு முன்னால் உழைத்த காலத்துக்கான ஓய்வூதியத்தை விலைவாசிக்கேற்ப ஏற்றித்தான் ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கம்பெனியும் ஏற்றவில்லை. ரொட்டி ஏறியது, கேஸ் பில் ஏறியது; அந்தப் பழைய ஆட்கள் வாங்குவது மட்டும் இருபது வருஷமாக ஆணி அடித்த மாதிரி நின்றது. அவர்களுக்கு ஏற்றிக் கொடுத்த பிறகே கம்பெனிக்கு ஒரு பவுண்டு போகும் என்பது ஐலீன் வைத்த நிபந்தனை. அதற்குப் பின்னும் நிதி தாங்கும் என்று கணக்கு நிபுணர் எழுதிக் கொடுத்திருந்தார். கிளைவ் அவள் பக்கம் சாய்ந்திருந்தார். இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்துவிடும்.

எல்லாக் கூட்டமும் ஒரே கேள்வியோடுதான் தொடங்கும்: இன்றைய விஷயத்தில் யாருக்காவது சொந்த லாபம் உண்டா? வழக்கமாக எல்லோரும் இல்லை என்று தலையாட்டிவிட்டு பிஸ்கட் எடுப்பார்கள். அன்று டொமினிக் பிஸ்கட் எடுக்கவில்லை.

"ஐலீனுக்கு இருக்கே. அவங்களும் பழைய ஆளுதானே? ஏத்தினா அவங்க பென்ஷனும் ஏறும். நம்ம விதிப்படி அவங்க ஓட்டுப் போடக்கூடாது."

"உங்களுக்கு இல்லையா?" என்றாள் ஐலீன்.

"பணம் கம்பெனிக்குப் போகுது. என் பாக்கெட்டுக்கு இல்ல."

எவ்வளவு சுத்தமான மனுஷன். கிளைவ் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, சங்கடத்தோடு, டொமினிக் சொல்வது சரிதான் என்றார். அவள் எழுந்துபோனால் ஒன்றுக்கு ஒன்று. சமமானால் நிபந்தனை விழுந்துவிடும்.

ஐலீனுக்குக் கோபம் வந்தது. கூடவே ஆசையும் வந்தது, அதை மறைப்பானேன். போன குளிர்காலம் முழுக்க ஒரே அறையில் கோட்டோடு உட்கார்ந்திருந்தவள் அவள். இந்தப் பணம் வந்தால் படுக்கையறையிலும் ஹீட்டர் போடலாம் என்று மனக்கோட்டை கட்டி வைத்திருந்தாள்.

"கிளைவ், தீர்மானத்துல ரெண்டு வார்த்தை சேர்த்துக்குங்க," என்றாள். "ஐலீன் நீங்கலாக."

"நல்லா யோசிச்சுக்குங்க ஐலீன். பின்னால மாத்த முடியாது."

"யோசிச்சா மனசு மாறிடும். எழுதுங்க."

எழுதினார். அவளுக்கு இனி லாபமில்லை, ஓட்டுப் போடத் தடையும் இல்லை. கை தூக்கினார்கள். இரண்டுக்கு ஒன்று. கூட்டத்தில் நடந்தது வெளியே போகக்கூடாது என்று கிளைவ் வழக்கம்போல் நினைவூட்டினார்.

இரண்டு மாதம் கழித்து கடிதங்கள் வந்தன. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் கடை வரிசையில், பழைய கூட்டாளி ஃப்ரீடா ஊருக்கே கேட்கிற மாதிரி கடிதத்தைப் படித்துக் காட்டினாள். எண்பத்துநாலு வயதில் அப்படிச் சிரிக்க அவளால்தான் முடியும். ஐலீனுக்கு அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது.

"எனக்கே இவ்வளவுன்னா, உள்ள உக்காந்திருந்தவ நீ, உனக்கு எவ்வளவு போட்டுக்கிட்டியோ," என்று ஃப்ரீடா அவள் விலாவில் இடித்தாள். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். "சும்மா சொல்லுடி. வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு," என்றாள் ஐலீன்.

"அப்ப இன்னிக்கு மீன் உன் செலவு."

ஐலீன் பர்ஸைத் திறந்தாள். தனக்குச் சின்னத் துண்டு போதும் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, இரண்டு பேருக்கும் காசு கொடுத்தாள்.