முற்றத்துக்கு வந்த மண்

ஏறாவூர் கடற்கரை வளவில் மேசன்மார் அத்திவாரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்சாயினி மோட்டார் சைக்கிளை வேலியோரம் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தாள்.

“மண்ணுக்குச் சாதகம் பாக்கிற புள்ள வந்திட்டா!” என்றார் முகைதீன்பாவா. “செல்லுங்க மகள், கல்லு வைக்க நேரம் நல்லமா?”

அவள் சிரிக்கவில்லை. “ஸைனம்பு ராத்தா எங்க?”

முகைதீன்பாவாவின் தங்கைதான் ஸைனம்பு. அண்ணனைக் காக்கா என்பாள்; அவளைக் கம்சாயினி ராத்தா, அதாவது அக்கா, என்பாள். அவளுடைய கணவனையும் இளைய மகள் நஸீறாவையும் சுனாமி இதே வளவில்தான் கொண்டுபோனது. தப்பிய மூத்தவள் ஸாதியாவுக்கு இப்போது கலியாணம் பேசியாகிவிட்டது. அந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பான். ஸைனம்புவிடம் இருந்தவை இரண்டு. வாவிக்கரையில் சுனாமிக்குப் பிறகு கிடைத்த சிறிய வீடு, அதில் அவள் இருந்தாள். மற்றது இந்த வெறும் வளவு.

“கடல் முந்தியும் இப்பிடி வந்திருக்கா, இல்ல ஒருக்காத்தான் வந்ததா?” என்று அவள் கம்சாயினியிடம் கேட்டிருந்தாள். “ஒருக்காத்தான் எண்டாக் கட்டுவன்.”

யுத்தம் முடிந்த மறுவருடம் அது. அதற்கு முன் இங்கே நிலத்தில் குழாய் இறக்கியிருந்தால் இராணுவம்தான் முதலில் வந்து நின்றிருக்கும். பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் படித்த கம்சாயினி, வளவுக்குப் பின்னால் இருந்த சதுப்பில் குழாய் இறக்கி அடிமண்ணை எடுத்தாள். ஆளளவு ஆழத்தில், கறுத்த சேற்றுக்கு நடுவே ஒரு மணல் படை. பல நூறு வருடம் பழையது. கடல் கொண்டுவந்ததா, ஆற்று வெள்ளம் கொண்டுவந்ததா? சிப்பி இருந்தால் பார்த்ததும் தெரிந்திருக்கும். சதுப்பின் புளித்த நீர் சிப்பிகளைக் கரைத்துவிட்டிருந்தது.

மிச்சமிருந்தது மணலின் இரசாயனம். நியோடைமியம் என்ற தனிமம் பாறைகளில் சொற்பமாக உண்டு. பாறை பழையதா இளையதா என்பதற்கு ஏற்ப அதன் ஐசோடோப்புகளின் விகிதம் மாறும். பாறை பொடிந்து மணலானாலும் அந்த விகிதம் போகாது. அயலூரான கிரான் பக்கத்து ஆறுகள் கிழக்கின் இளைய பாறையைத்தான் அரைத்து வருகின்றன. கடலடி மணலிலோ மலைநாட்டின் மிகப் பழைய பாறையும் கலந்திருக்கும். மகாவலி அதைத் திருகோணமலைப் பக்கம் கடலில் கொட்ட, நீரோட்டம் தெற்கே தள்ளிவருகிறது.

ஆற்று மணலுக்கு மாதிரியாகக் கிரான் ஆற்று மணலையும், கடல் மணலுக்கு மாதிரியாக இந்த முற்றத்து மேல்மண்ணையும் கம்சாயினி எடுத்தாள். சுனாமி கொட்டிய மண்தானே என்று நினைத்தாள். வெளிநாட்டு ஆய்வுகூடத்திலிருந்து முதலில் வந்த பழைய படையின் முடிவும் முற்றத்து மண்ணின் முடிவும் ஒத்துப்போகவில்லை. அப்படியானால் பழைய படை கடலுடையது அல்ல. ஸைனம்பு அந்தப் பதிலுக்காகத் தவித்துக்கொண்டிருந்தாள். ஆற்று மணலின் முடிவு வரும்வரை பொறுக்காமல் கம்சாயினி சொல்லிவிட்டாள்: “அது ஆத்து வெள்ளம்தான் ராத்தா.”

ஆற்று மணலின் முடிவு நேற்று வந்தது. பழைய படையோடு அது ஒட்டவேயில்லை. முற்றத்து மண்ணோடு அச்சாக ஒத்திருந்தது.

மகள் ஸாதியாவோடு மேசன்மாருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த ஸைனம்புவை அவள் மறித்தாள். “ராத்தா, இந்த முத்தத்து மண் கடல் போட்டதுதானே?”

“இதா? இது கிரான் மண் புள்ள. ட்ரக்டர்ல ஏத்தி வந்தம்.”

“எப்ப?”

“சுனாமிக்கு அடுத்த நோன்புப் பெருநாளைக்கு. அப்ப இங்க ஓலைக் கொட்டில் போட்டுத்தானே இருந்தம். பெருநாளெண்டா முத்தத்துக்குப் புது மண் போடுவம்.” ஸைனம்புவின் குரல் இறங்கியது. “கடல் போட்ட மண்ண மிதிக்க ஏலாமக் கிடந்திச்சு. நஸீறா அதுக்குள்ளதான் கிடந்தா. காக்காவக் கொண்டு முழுக்க வழிச்சு வாவிக்குள்ள கொட்டிட்டன்.”

கம்சாயினி குனிந்து அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளினாள்.

“நான் கேட்டிருக்கோணும் ராத்தா. கேக்காமச் செல்லிட்டன். கீழ கிடக்கிற பழைய மண்ணுல மலைநாட்டுப் பாறை கலந்திருக்கு. இந்த ஆத்தால அது வர ஏலாது. கடல் முந்தியும் வந்திருக்கு.”

“கயிறு கட்டினாப் பொறகா செல்லுற?” முகைதீன்பாவா சீறினார். “நாளைக்கு வேற மண்ணக் கண்டு கதைய மாத்துவீங்களோ?”

“மாத்த மாட்டன் காக்கா. பிழை என்டதான்.”

ஸைனம்பு தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்தாள். மேசனிடம் திரும்பினாள்.

“கயித்த அவுருங்க.”

“உம்மா!” ஸாதியா பதறினாள். “மாப்பிள்ள ஊட்டாக்களுக்கு என்ன செல்லுற?”

“வாவிக்கரை ஊட்ட உனக்குத் தாறன். நான் இங்க கொட்டில் போட்டு இருப்பன்.”

“கடல் உங்களுக்கு மட்டும் வராதா ராத்தா?” என்றாள் கம்சாயினி.

“வரும். வந்தா ஓடுவன். தனியாள் ஓடலாம்.” ஸைனம்பு மகளைப் பார்த்தாள். “அண்டைக்கு ரெண்டு கையிலயும் ரெண்டு புள்ளையப் புடிச்சிட்டு ஓடினன். ஒண்டு விட்டுப் போயிட்டு. நாளைக்கு இவளுக்கும் புள்ளையள் பொறக்கும்.”

முகைதீன்பாவா குனிந்து முதல் முளைக்குச்சியை மண்ணிலிருந்து பிடுங்கினார்.