மில்லிக்கனில் உதிர்ந்த சொற்கள்

1993 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, ரொறன்ரோவின் வடகிழக்கு ஓரமான மில்லிக்கனில் ஸ்ரீல்ஸ் வீதிப் பிளாசா ஒன்றிலுள்ள படச்சட்டக் கடையில், ஆயிரத்து எழுநூற்று நாற்பத்துமூன்று வயதான பப்பைரஸ் தாள் ஒன்றிலிருந்து ஒரு சொல் கழன்று கீழே விழுந்தது. மூன்றே எழுத்துள்ள கிரேக்கச் சொல். 'எப்போதும்' என்பது அதன் பொருள். தாளிலிருந்த மற்றச் சொற்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு வெளியே நாலு பாகை, சிணுங்கல் மழை, பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பதினொரு மணிக்கே இடியப்பம் முடிந்துவிட்டது.

கடை நவரட்ணத்தினுடையது. சாமத்தியவீட்டுப் படம், கல்யாணப் படம், பிள்ளைகளின் பட்டம், நல்லூர் முருகன், திருஇருதய ஆண்டவர் என்று எது வந்தாலும் முகம் சுளிக்காமல் சட்டம் போட்டுக் கொடுப்பார்கள். கண்ணாடி வெட்டுவது பஸ்ரியன். யாழ்ப்பாணத்துப் பாசையூர் ஆள், வயது முப்பத்தெட்டு, மனைவி கிளடிஸ், இரண்டு பெண் பிள்ளைகள். அவன் கோடு இழுத்தால் கண்ணாடி அந்தக் கோட்டை விட்டு மயிரளவும் விலகாது. அதைக் கேள்விப்பட்டுத்தான் பேராசிரியை மக்கே வந்து சேர்ந்தார். நகர மத்தியில் ஒரு கல்லூரியில் ஆதிக் கிறிஸ்தவர்களின் எழுத்துகளைப் படிப்பிப்பவர்; வீடு ஸ்ரௌவ்வில் பக்கம், ஆகவே தினமும் ஸ்ரீல்ஸைத் தாண்டித்தான் காரோட்டுவார். முந்தின வருஷம் கல்லூரியின் நிலக்கீழ் அறையில் தண்ணீர்க் குழாய் வெடித்து, பெட்டிகளை அள்ளிக்கொண்டு ஓடியபோது ஒரு பிஸ்கட் ரின் அகப்பட்டிருந்தது. எழுபது வருஷத்துக்கு முன் எகிப்துக்குப் போன பாதிரியார் ஒருவர் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் செத்துப்போன ரின். உள்ளே பழைய பத்திரிகை மடிப்புகளுக்கு நடுவே பதினொரு பப்பைரஸ் துண்டுகள். ஈர ஒற்றுத்தாளில் வைத்து நிமிர்த்தியெடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து, விளிம்பைத் துணி நாடாவால் ஒட்டவேண்டும். கல்லூரியில் அதற்கு ஆளில்லை.

துண்டுகளைக் கண்ட நாள் தொடங்கி பஸ்ரியனுக்கு விடுப்பு அறிகிற ஆவல் அடங்கவில்லை. கோரைத் தண்டைக் கீலம் கீலமாகச் சீவி, குறுக்கும் நெடுக்கும் அடுக்கி அடித்துச் செய்த தாள் அது. முன்பக்கத்தில் நார் படுத்திருக்கும், பின்பக்கத்தில் நின்றிருக்கும். துண்டுகளைப் பொருத்தும்போது எழுத்தை நம்பாதே, நாரை நம்பு என்று மக்கே சொல்லிக்கொடுத்தார். ஓட்டை விழுந்த இடத்தில் உனக்கு விருப்பமானதை எழுதாதே, இருந்ததை மட்டும் எழுது என்றும் சொன்னார். கிரேக்கம் தெரியாதபடியால் பஸ்ரியனுக்கு எழுத்து குறுக்கே நிற்கவில்லை. நாலாம் நாளே உள்ளங்கை அளவான துண்டொன்றும் அதில் பாதியளவான துண்டொன்றும் ஒரே தாள்தான் என்று பிடித்துவிட்டான். மக்கே பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுக் கடைக்குள் நின்றே கைதட்டினார். சட்டம் வாங்க வந்த சனமும் ஏனென்று தெரியாமல் சேர்ந்து தட்டியது.

பொருந்திய தாளில் இருந்தது ஓர் அத்தாட்சி. கி.பி. 250, ஆனி மாதம், எகிப்தில் ஒரு கிராமம். அவுரேலியா என்ற பெண் எழுதுவிக்கிறாள்: நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் கட்டளைப்படி உங்கள் முன்னிலையில் பானம் வார்த்து, பலியிட்டு, படையலைச் சாப்பிட்டேன், இதற்கு அத்தாட்சி தரவேண்டும். கீழே வேறு கையெழுத்தில், நீ பலியிட்டதைக் கண்டோம் என்று அதிகாரிகள். அந்த வருஷம் சனமெல்லாம் பலியிட்டு அத்தாட்சித் துண்டு எடுக்கவேண்டும் என்பது ரோமச் சக்கரவர்த்தியின் உத்தரவு. துண்டில்லாவிட்டால் மறியலில் அடைப்பார்கள். கிறிஸ்தவர்களில் மறுத்துச் செத்தவர்களும் உண்டு, பயந்து சாப்பிட்டவர்களும் உண்டு. கிறிஸ்தவர் அல்லாதவர்களும் இதே துண்டைத்தான் எடுத்தார்கள். பெயரும் ஊரும் மாறும், வாசகம் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே அவுரேலியா யார் என்று தாளைப் பார்த்துச் சொல்ல ஏலாது என்று மக்கே பெருமூச்சு விட்டார். பஸ்ரியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உது எங்கட கேஸ் பேப்பர் மாதிரியெல்லோ இருக்கு,” என்றான். ஸ்காபரோவில் அகதிக் கேஸ் எழுதிக் கொடுக்கிற ஒருவர், நாற்பது பேருக்கு ஒரே கதையைப் பெயர் மாற்றி ரைப் பண்ணிக் கொடுத்த விஷயத்தை அவன் விளக்கியபோது, மக்கே அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டார்.

சொல் விழுந்தது அதற்கு அடுத்த நாள். தான் எங்கேயோ உரசிப்போட்டேன் என்று பஸ்ரியன் பதறினான். நவரட்ணம் தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். மக்கே வந்து பார்த்தார். நாடா பிரியவில்லை. கண்ணாடியின் அடியில் ஒரு கிள்ளுப் புகைக்கரி கிடந்தது. அந்தக் காலத்து மை புகைக்கரியும் பிசினும்தான். மேலே 'எப்போதும்' இருந்த இடத்தில் வெறும் நார். அவர் கல்லூரிக்கு ஓடினார். முந்தின நாள் பிடித்து லாச்சிக்குள் பூட்டி வைத்த படங்களிலும், தன் கையாலேயே எழுதிய பிரதியிலும் அதே இடம் வெளித்துக் கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் பாதிரியாரைக் கூப்பிட்டிருப்பார்கள். மக்கே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு யோசித்தார். பலியிட்டேன், சாப்பிட்டேன் என்ற இரண்டும் விழவில்லை. 'எப்போதும்' மட்டும் விழுந்திருக்கிறது. அப்படியென்றால் அவள் கிறிஸ்தவள். அன்றைக்கு ஒருநாள் மட்டும் பயந்து சாப்பிட்டவள். “பாவம், பிள்ளையளை நினைச்சிருப்பாள்,” என்றான் பஸ்ரியன். இப்படிச் சாப்பிட்டவர்களைத் திரும்பச் சேர்க்கலாமோ கூடாதோ என்று திருச்சபை வருஷக்கணக்காகச் சண்டை பிடித்ததாக மக்கே சொன்னார். முடிவு என்னவென்று பஸ்ரியன் இரண்டு தரம் கேட்டான். இடத்துக்கு இடம் வேறு, பொதுவாகச் சேர்த்தார்கள் என்று அவர் சொன்ன பிறகுதான் வேலைக்குத் திரும்பினான்.

அதன்பின் ஒரு வருஷத்துக்கு மேல் பரிசோதனை நடந்தது. வேறு ஆள் வெட்டிய கண்ணாடிக்குள் ஒன்றும் விழவில்லை. பஸ்ரியன் வெட்டியதற்குள் மட்டும் பொய் தங்கவில்லை. பாண் வியாபாரி ஒருவரின் பற்றுச்சீட்டு அப்படியே நின்றது. தூரதேசத்திலிருந்து மகன் தாய்க்கு எழுதிய கடிதத்தில் 'நான் சுகமாயிருக்கிறேன்' என்ற வரி மட்டும் உதிர்ந்தது. ரின்னுக்குள் சுவிசேஷத் துண்டொன்றும் இருந்தது, மூன்று விரல் அகலம். அதை மட்டும் மக்கே அவனுடைய கண்ணாடிக்குள் வைக்க விடவில்லை. பஸ்ரியனும் கேட்கவில்லை. சனத்துக்கு விஷயம் எட்டாமல் இருக்குமா? கல்யாணத் தரகர் கொடுத்த விபரத்தாளை ஒரு தாய் கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளையின் வயது, உத்தியோகம், உயரம் மூன்றும் அடியில் குவிந்தன. ஒரு பெடியனின் பட்டத்தில் அவன் பெயர்தான் மிஞ்சியது. நவரட்ணம் வியாபாரம் தெரிந்த மனிதர். எழுத்துள்ளதற்குத் தான் கண்ணாடி வெட்டுவதாகவும், எழுத்தில்லாததற்குப் பஸ்ரியன் வெட்டுவதாகவும் ஏற்பாடு செய்தார். அதோடு கடையில் குழப்பம் ஓய்ந்தது.

பஸ்ரியனுக்குத்தான் ஓயவில்லை. அவனுக்கு அன்புராசா என்று ஒரு தம்பி. 1989இல் பஸ்ரியன் அகதிக் கேஸ் கொடுத்தபோது, வெறும் ஷெல்லடிக் கதைக்கு இங்கே யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், குடும்பத்தில் ஒரு சாவாவது வேண்டும் என்றார் கேஸ் எழுதிய மனிதர். கிளடிஸின் ஆட்களைத் தொடக்கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். கலியாணம் கட்டாதவன், கேட்க ஆளில்லை என்று அன்புராசாவைப் பேப்பரில் கடற்கரையில் வைத்து ஆமியைக் கொண்டு சுடுவித்தார்கள். விசாரணையில் பஸ்ரியன் விக்கி விக்கி அழுதான். இருபது நிமிஷத்தில் கேஸ் சரி. செத்தவன் கொழும்பு லொட்ஜ் ஒன்றிலிருந்து மாதம் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தான்: அண்ணை, எப்ப என்னைக் கூப்பிடுவியள்? அந்த விசாரணைக்குப் பிறகு பஸ்ரியனுக்கு நித்திரை அற்றுப்போனது. கண்ணை மூடினால் தம்பி கடற்கரையில் விழுவான். டொக்டர் கோப்பியைக் குறைக்கச் சொன்னார், குறைத்தும் பார்த்தான்.

1995 மாசி மாதம் அன்புராசா ஆள் அனுப்புகிற ஏஜென்சியைப் பிடித்து, பாஸ்போட்டை விமானத்திலேயே கிழித்துப்போட்டு, ரொறன்ரோவில் வந்து இறங்கினான். எனக்கு இங்கே அண்ணன் இருக்கிறார் என்று பெயரையும் சொல்லிவிட்டான். அவனை விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு மோட்டலில் மறித்து வைத்துக்கொண்டு, வியாழக்கிழமை வந்து ஆளை அடையாளம் காட்டும்படி குடிவரவு அதிகாரிகள் பஸ்ரியனுக்கு அறிவித்தார்கள். காட்டினால், செத்தவன் எப்படி எழும்பி வந்தான் என்று பழைய கேஸ் கோப்பைப் பிரிப்பார்கள். குடியுரிமை இன்னும் கைக்கு வரவில்லை, நாலு பேரையும் ஏற்றி அனுப்பினாலும் அனுப்புவார்கள். காட்டாவிட்டால் தம்பி அடையாளமில்லாத ஆளாகத் திரும்பிப் போவான். இரண்டு நாள் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. கடைசியில் கிளடிஸ்தான் வழி கண்டாள். “இஞ்சேருங்கோ, கேஸ் பேப்பரை உங்கட கண்ணாடிக்குள்ள வையுங்கோவன். இஞ்ச விழுந்தா அங்கயும் விழும்தானே? ஏதும் கேட்டா, ஞாபகமில்லை எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ.” பஸ்ரியன் வைத்தான். புதன்கிழமை மத்தியானம் இரண்டாம் பக்கத்து ஏழாம் வரி முழுவதும் பொலபொலவென்று கொட்டுண்டது. வேறு பிரதி இல்லாதபடியால் மறுநாள் சட்டத்தோடேயே போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

அன்புராசாவை மேசைக்கு அந்தப் பக்கம் இருத்தியிருந்தார்கள். மெலிந்து, யாரோ கொடுத்த பெரிய ஸ்வெற்றருக்குள் தொலைந்துபோய் இருந்தான். அண்ணனைக் கண்டதும் எழும்பப் பார்த்தான், இருக்கச் சொன்னார்கள். நரைத்த தலையோடிருந்த பெண் அதிகாரி கோப்பைப் புரட்டி, ஏழாம் வரியில் நின்றார். இந்த இடம் வெறுமையாக இருக்கிறது, இங்கே என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். ஞாபகமில்லை என்ற ஒரு சொல் போதும். பஸ்ரியன் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் ஓட்டை விழுந்த இடத்தில் விருப்பமானதை எழுதாதே என்பது கையில் ஊறிப்போன பழக்கமாகியிருந்தது. அதோடு எதிரே தம்பி இவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ர தம்பியை ஆமி சுட்டுப்போட்டுது எண்டு எழுதியிருந்தது. அது பொய். தம்பி உந்தா இருக்கிறான்.”

மொழிபெயர்க்க வந்த பிள்ளை திடுக்கிட்டுப்போனாள். “அண்ணை, உண்மையா உதைச் சொல்லவோ?”

“சொல்லு பிள்ளை.”

அவள் சொன்னாள். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறுமையான இடத்தை விரலால் தடவினார். விரலில் கறுப்பு ஒட்டியது. கோப்பின் மடிப்பிலும் கொஞ்சம் கிடந்தது. அதைக் குப்பைக் கூடைக்குள் தட்டினார். எழுதாத பொய்யைத் திருத்துவதற்குத் தன்னிடம் படிவம் இல்லை என்றார். உறவு: அண்ணன், தம்பி என்று எழுதி முத்திரை குத்தி, தம்பியைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கார் நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஏறியது. சட்டம் அன்புராசாவின் மடியில் இருந்தது. அதிகாரிக்குச் சொல்லியாயிற்று, தம்பிக்கு என்ன சொல்வது என்று பஸ்ரியன் யோசித்தான். கெனடி வீதிக்குக் கிட்ட வந்தபோது அன்புராசா கேட்டான்.

“எப்பிடிச் செத்தனான்?”

பஸ்ரியன் சொன்னான். பாசையூர்க் கடற்கரை, விடியப்புறம், வலை காயப்போட்ட இடம், பின்னால் இருந்து வெடி, உடுத்திருந்தது நீலச் சேட். நீலச் சேட் தன்னிடம் ஒருநாளும் இருந்ததில்லை என்றான் அன்புராசா. பிறகு, அழுதீர்களா என்று கேட்டான். ஓம் என்றான் பஸ்ரியன். பொய்யழுகையோ என்று கேட்டான். முதல் பொய்க்குத்தான் தொடங்கினேன், பிறகு நிற்பாட்ட முடியவில்லை என்றான். அன்புராசா போர்வையை விலக்கி, வெறுமையான ஏழாம் வரியைத் தாண்டி எட்டாம் வரியை எழுத்துக்கூட்டி வாசித்தான். 'அவனை நினைத்தால் எனக்கு இன்றுவரை நித்திரை வருவதில்லை.' கேஸ் எழுதுகிற மனிதர் நாற்பது பேருக்கும் அதே வரியைத்தான் போட்டார், கணக்கெடுக்காதே என்று பஸ்ரியன் அவசரமாகச் சொன்னான். பிறகு ஏன் இது விழவில்லை என்று அன்புராசா கேட்டான். பஸ்ரியனுக்குக் கண்ணைத் துடைக்க ஒரு கை தேவைப்பட்டபோது அன்புராசா ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஆனாலும் நேரே பிடித்தான்.

வீட்டில் கிளடிஸ் சோறும் விளைமீன் குழம்பும் வைத்திருந்தாள். சாப்பிட்டு முடியப் பின்னேரம் நாலு மணி. சட்டத்தை ரீவிக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, பஸ்ரியன் சோபாவில் சும்மா சாய்ந்தான். பிள்ளைகள் சித்தப்பாவைக் கார்ட்டூன் பார்க்க இருத்தினார்கள். அரைமணி போனதும் சோபாவிலிருந்து குறட்டை கேட்டது. ஆறு வருஷமாக அந்த வீட்டில் கேளாத சத்தம். பிள்ளைகள் பயந்து தாயைக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் கண்ணாடிக்குள் எட்டாம் வரி, முதலெழுத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று அடியில் விழத் தொடங்கியது. அன்புராசா கடைசி எழுத்து விழும்வரை பார்த்தான். பிறகு எழும்பிப் போய் ரீவியின் சத்தத்தைக் குறைத்தான். கைகூடத் துடைக்காமல் ஓடிவந்த கிளடிஸ் புருஷனை உலுப்பப் போனாள்.

“விடுங்கோ அண்ணி,” என்றான் அன்புராசா. “அண்ணை நித்திரை.”