ஊட்டுவதற்கு ஒரு சண்டை

கடல் கடந்து ஊழியத்துக்குப் போகும் சபைக் குழுவில் அண்ணி பெயர் கொடுத்திருக்கிறாள் என்று தெரிந்திருந்தால் நாத்தனார் அந்தப் பக்கம் தலைவைத்தே படுத்திருக்கமாட்டாள். பல வருஷமாக இருவருக்குள்ளும் "வாங்க", "இருக்கட்டும்" என்பதைத் தாண்டிப் பேச்சில்லை. போதகருக்கு அது தெரியாதா, தெரிந்தேதான் செய்தாரா, ஆண்டவருக்கே வெளிச்சம். இருவரையும் ஒரே அறையில் போட்டார்.

அவர்கள் போய் இறங்கியது, பெற்றவர்கள் விட்டுவிட்டுப் போன நோயாளிக் குழந்தைகளின் இல்லம். நீளமான கூடம், இரண்டு வரிசை இரும்புக் கட்டில்கள், வெந்நீரில் அலசிய துணியின் வாசனை. கடைசிக் கட்டிலில் ஒரு பெண் குழந்தை. இரண்டு வயது முடிந்தும் ஒன்றுகூட மதிக்க முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் துணிமூட்டைபோலக் கிடந்தவளாம்.

"குண்டூசி மாதிரி இருக்கா," என்றாள் தையல்காரியான நாத்தனார். பெயர் ஒட்டிக்கொண்டது.

குண்டூசிக்கு இதயத்தில் ஓட்டை. உடம்பு கொஞ்சம் தேறினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருப்பதை, செவிலி அரைகுறை ஆங்கிலமும் கைஜாடையுமாக விளக்கினாள். ஆனால் யார் ஊட்டினாலும் குழந்தை வாயை இறுக்கிக்கொண்டது. பாலில் மசித்த பழத்தோடு அண்ணி கெஞ்சிப் பார்த்தாள், கொஞ்சிப் பார்த்தாள். தபால் ஆபீஸ் கவுண்டரில் எத்தனையோ பேரைச் சமாளித்தவள், இந்தச் சுண்டைக்காயிடம் தோற்றுப்போனாள்.

"கரண்டியை அப்படியா பிடிப்பாங்க? தொண்டையில குத்திடும் அண்ணி."

"ஏன், நான் பிள்ளை வளர்க்கலையா?"

"வளர்த்தீங்களே! ஒல்லிக்குச்சியா, காத்தடிச்சா பறக்கற மாதிரி."

"உன் பிள்ளை மட்டும் என்ன, கதவுல நுழைய முடியாம நிக்கிறானே!"

குண்டூசி களுக்கென்று சிரித்தாள். இரண்டு பெண்கள் கையை ஆட்டி ஆட்டிக் கத்துவதை இப்படியும் அப்படியும் தலை திருப்பிப் பார்த்தாள். திறந்த வாய் திறந்தபடி இருந்தது. அண்ணி சட்டென்று ஒரு வாய் வைத்தாள். உள்ளே போய்விட்டது.

"நிறுத்தாத, திட்டு!" என்றாள் அண்ணி.

"என்னன்னு திட்டறது?"

"என் சமையலைத் திட்டு. வழக்கமா திட்டறதுதானே!"

கிண்ணம் காலியானது. அன்றிலிருந்து வேளாவேளைக்குச் சண்டை. செவிலி நாற்காலியை இழுத்துப்போட்டு வேடிக்கை பார்ப்பாள். மற்ற கட்டில்காரர்களும் கைதட்டிச் சேர்ந்துகொண்டார்கள். சமையல், புடவை, மூக்கு, குறட்டை என்று எல்லாம் தீர்ந்துபோயிற்று. ஒருநாள் மதியம் திட்ட எதுவும் கிடைக்காமல் நாத்தனார் தடுமாறினாள். பிறகு, குரலை உயர்த்தாமலே, "எங்கம்மா சாகக் கிடந்தப்ப எனக்கு ஏன் சொல்லி அனுப்பலை?" என்று கேட்டாள்.

அண்ணியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"அத்தைதான் வேண்டாம்னாங்க. நீ அப்ப நிறைமாசம். இந்தக் கோலத்துல என்னைப் பார்த்தா பயந்துடுவா, வயித்துல இருக்கறதுக்கு ஆகாதுன்னாங்க. என் கையில அடிச்சு சத்தியம் வாங்கினாங்க."

"பிள்ளை பொறந்த பிறகாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வந்தேன். நீ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உள்ள போயிட்டே. எனக்கும் ரோஷம். சரிதான் போன்னு விட்டுட்டேன்."

நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கவனிப்பாரில்லாத குண்டூசி கிண்ணத்துக்குள் கையை விட்டு, அள்ளி, தானே தின்றுகொண்டிருந்தாள். பாதி வாயில், பாதி காதில். இருவரும் அதைப் பார்த்துவிட்டு, அழுகையும் சிரிப்புமாக ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்தார்கள்.

குழு ஊர் திரும்புவதற்குச் சில வாரம் முன்னதாக, ஆபரேஷன் செய்யலாம் என்றார் டாக்டர். ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் இருவரும் விரல்களைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெபம்கூட முழுசாக வரவில்லை. "ஆண்டவரே, ஆண்டவரே" என்பதோடு நின்றது. டாக்டர் வெளியே வந்து முகக்கவசத்தை இறக்கினார். அவர் பேசிய மொழி புரியவில்லை, சிரிப்பு புரிந்தது. எப்போதும் நீலம்பாரித்திருந்த குண்டூசியின் உதடுகள் வெளிர்ரோஜா நிறத்தில் இருந்ததை அண்ணி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விடைபெறும் காலையில் குண்டூசி ஊரைக் கூட்டி அழுவாள் என்று இருவரும் பயந்தார்கள். அவள் அழவில்லை. நாத்தனார் தைத்துக் கொடுத்த கவுனின் பித்தானைத் திருகியபடி செவிலியின் மடியில் ஏறி, கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு கண்ணயர்ந்தாள்.

"கல்நெஞ்சுக்காரி," என்றாள் அண்ணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நல்லதுதான் அண்ணி. தூங்கட்டும்," என்று நாத்தனார் இரண்டு பெட்டிகளையும் தானே தூக்கிக்கொண்டாள்.