முதல் கண்டென்சர்

சுற்றியிருந்த ஒன்பது கிராமங்களுக்கும் ஒரே மைக்செட் என்னுடையதுதான். 'கோவிந்தராசு சவுண்ட் சர்வீஸ்' என்று பெயர். சவுண்டைவிட சர்வீஸ்தான் அதற்கு அதிகம் தேவைப்பட்டது. மைக்கில் விழும் சத்தத்தை முதலில் வாங்கி வளர்க்கிற பிரீ ஆம்ப் பெட்டியை நானே கட்டியிருந்தேன். யாரும் பேசாதபோதும் அது உறுமும்.

"மனுசங்களுக்கு முன்னாடி உங்க எருமை பேசிருதேண்ணே" என்றாள் தங்கம்மாள். எங்கள் தெருக்காரி. நடவுக்குப் போகிற பெண்களில் வாயுள்ளவள்.

ஆட்சி மாறி இரண்டு வருஷம் ஆகியும் கூலித் தகராறு மாறவில்லை. திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் மிராசுதார்களோடு பேச்சுவார்த்தை. விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் அறுப்புக்கூலி இருந்தது, பெண்கள் மட்டும் செய்கிற நடவுக்கு ஒரு வரி இல்லை. ஏன் என்று தங்கம்மாள் கேட்டதற்குச் சங்கச் செயலாளர் உலகநாதன், "ஞாயித்துக்கிழமை மேடையில ஏறிக் கேளும்மா. கூட்டம் கை தூக்கினா சேர்த்துக்கிறோம்" என்றார்.

அவள் பேசும்போது எருமை வாய் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். மின்சாரத்தை வடிகட்டிக் கொடுக்கிற கண்டென்சர் வாங்கத் திருவாரூரில் அப்துல் அஜீஸின் ரேடியோ கடைக்குப் போனேன்.

"பில்டர் கண்டென்சர் மாத்தணும் பாய். உறுமல் சுத்தமா போயிடணும்."

"கரண்ட்டை டி.சி. ஆக்குற ரெக்டிபயர் வால்வை ஒட்டி வர்ற முதல் கண்டென்சர் பதினாறு மைக்ரோபாரட். அதைத் தொடாதே. ரெண்டாவதா வர்றதைப் பெருசாக்கிக்க."

"முதல்லயே நூறு போட்டா?"

"ஓடிக்கிட்டிருக்கும்போது ஒண்ணும் தெரியாது. கரண்ட் ஒரு சிமிட்டு சிமிட்டிட்டு வந்துச்சுன்னு வை, அம்மாம்பெரிய கண்டென்சரைக் காலித் தொட்டி மாதிரி ஒரே மூச்சில ரொப்பணும். வால்வு தாங்காது."

"ரொம்பப் பயப்படுறீங்க பாய்."

"அதனாலதான் கடை வச்சிருக்கேன். நீ மைக்செட் வச்சிருக்கே."

வீட்டில் பாய் சொன்னபடியே மாட்டிப் பார்த்தேன். உறுமல் அடங்கியது. ஆனாலும் ஒலிபெருக்கிக் குழாயில் காதை வைத்தால் ஒரு நூலளவு கேட்டது. யாரும் குழாயில் காதை வைக்கப் போவதில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. முதல் இடத்தில் இருந்த பதினாறைக் கழற்றிவிட்டு நூறைப் பற்றவைத்தேன். சுத்தமான மௌனம். அரை மணி நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு நாலு மணி. சந்தைத் திடலில் ஆயிரம் பேர். தங்கம்மாள் மைக் முன்னால் வந்து, சற்று நின்று, என்னைப் பார்த்தாள்.

"எருமை எங்கண்ணே? வித்துட்டீங்களா?"

கூட்டம் சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நாத்தைப் பறிக்கிறது நாங்க. நடறது நாங்க. பட்டியல்ல மட்டும்…"

கண் இமைக்கிற நேரத்துக்கு மின்சாரம் போய்த் திரும்பியது. ரெக்டிபயர் வால்வுக்குள் நீலமாக ஒரு மின்னல். அவ்வளவுதான். அவள் உதடு அசைந்தது, குழாயில் ஒன்றும் வரவில்லை.

டிரான்ஸ்பார்மர் நின்றது மிராசுதார் சிவசாமியின் வயலில். அவள் குடிசை நின்றதும் அவர் மனையில்தான்.

"சிவசாமி கரண்ட்டைப் புடுங்கிட்டான்டா" என்று எவனோ கத்தினான்.

என் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. எழுந்து நின்று, கரண்ட் இருக்கிறது, கெட்டது என் பெட்டி என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து விளக்கின்மேல் போட்டேன்.

தங்கம்மாள் டிரான்ஸ்பார்மர் இருந்த பக்கம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிட்டாள். கூட்டம் கோஷம் போட்டபடி டிரான்ஸ்பார்மரை நோக்கிக் கிளம்பியது. கை தூக்க ஆளில்லை. மறுநாள் பட்டியல் நடவுக்கூலி இல்லாமலே போய், இல்லாமலே கையெழுத்தானது. 'மிராசுதாரின் மின்வெட்டுச் சதி' என்று சுவரொட்டி ஒட்டினார்கள். என் கைவேலை சுவரேறியது அந்த ஒரு தடவைதான்.

ஐப்பசியில் சம்பா நடவு. பெண்கள் பழைய கூலிக்கே இறங்கியிருந்தார்கள். இரண்டு மாதம் தூங்காத என் மனசாட்சி வரப்பில் போய் நின்றது. தங்கம்மாளை ஓரமாகக் கூப்பிட்டு, கண்டென்சர், வால்வு, துண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குக் கண்டென்சர் புரியவில்லை. துண்டு புரிந்தது.

"அப்ப கரண்ட் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"சிவசாமி கரண்ட்டையே புடுங்கிட்டாரு, அவரு ஆளுங்க பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க, ராத்திரிக்குள்ள குடிசையைப் பிரிச்சிருவாங்கன்னுல்ல இறங்கினேன். பெட்டிதான் கெட்டுச்சுன்னா தொண்டையாலயே கத்தியிருப்பேனேண்ணே."

அவள் கையிலிருந்த நாற்று முடியைச் சேற்றில் ஊன்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏ அம்சம், பொன்னுத்தாயி, எல்லாரும் இங்க வாங்கடி. கோவிந்தராசண்ணன் ஒரு சேதி சொல்லணுமாம்."

இருபது பெண்கள் சேற்றுக் கையோடு வந்து நின்றார்கள். நான் ஆரம்பித்தேன். எனக்கே கேட்காத குரல்.

"சத்தமா சொல்லுங்க" என்றாள் தங்கம்மாள். "பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."