பிதாவின் கட்டத்தில் விழுந்த டிக்

கடவுள் மாறாதவர். வானமும் பூமியும் தோன்றுமுன்னே முழுமையாக இருந்தவர். எவராலும் அசைக்கப்படாதவர், எந்த வேதனையும் தீண்டாதவர். காலங்களையெல்லாம் கடந்த இந்த உண்மை, பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில், ஞாயிறு காலை பத்தரை மணிக்கு, கீழே சக்கரத்து நட்டு கழற்றும் மிஷின் ஓய்ந்த இடைவெளிகளில் மட்டும் அறிவிக்கப்பட்டது.

அறிவித்தவர் கிளாரன்ஸ், சபையின் மூப்பர். போதகர் மூவாரிலிருந்து மாதம் இரண்டு முறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் கடவுள் கிளாரன்ஸின் பொறுப்பில் இருந்தார்.

வாரநாட்களில் கிளாரன்ஸ் ஃபேக்டரியில் கியூசி வேலை பார்த்தார். கோணலாக வந்த சாமானைத் தனியே எடுத்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. இருபத்தாறு வருடம் ஸ்டிக்கர் ஒட்டிய கை ஞாயிற்றுக்கிழமை மட்டும் சும்மா இருக்குமா? சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். சபையார் ஒவ்வொருவராக எழுந்து வாய்விட்டு ஜெபிக்கும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். கிளாரன்ஸ் நோட்டைத் திறந்துகொள்வார். யார் ஜெபத்தில் என்ன உபதேசப் பிழை என்று எண் போட்டு எழுதுவார். இதுவரை நாற்பது.

நாற்பத்தோராவது பிரிஜிட்.

பிரிஜிட்டுக்கு கிளேபாங் கடலோர ரோட்டில் வடைக்கடை. அன்று ‘தேவனுடைய தன்மைகள்’ என்ற ஏழு வாரத் தொடரில் மூன்றாம் வாரம். முதல் வாரம், எங்கும் இருக்கிறார். இரண்டாம் வாரம், எல்லாம் அறிந்திருக்கிறார். மூன்றாம் வாரம், மாறவே மாட்டார், வேதனையும் படமாட்டார். ஒன்றரை மணி நேரம் அதைக் கேட்டு முடித்த கையோடு பிரிஜிட் எழுந்து, கண்ணீர் வழிய ஆரம்பித்தார்:

“அப்பா பிதாவே, எனக்காகச் சிலுவையில செத்தீரே, ஸ்தோத்திரம்பா...”

“ஸ்டாப், சிஸ்டர்.”

சபை கண்ணைத் திறந்தது.

“யாரு செத்தா?” என்றார் கிளாரன்ஸ், மைக்கிலேயே.

“ஆண்டவரு.”

“எந்த ஆளத்துவம்? பிதாவா, குமாரனா?”

பிரிஜிட் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். “எல்லாம் ஒருத்தருதானே பிரதர்?”

“ஒரே தேவன், மூன்று ஆள். செத்தது குமாரன். பிதா சாகல. பிதா கஷ்டப்பட்டாருன்னு சொல்றதே ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி தள்ளிவிட்ட துர்உபதேசம். தெரியுமா?”

“அப்ப நான் இல்லையே” என்றார் பிரிஜிட். பின்வரிசையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள்.

இரண்டு புதன்கிழமை கிளாஸுக்கு வந்து முடிக்கும்வரை பிரிஜிட் சபையில் வாய்விட்டு ஜெபிக்கக் கூடாது என்று தீர்ப்பானது.

“சரி பிரதர். அதுவரைக்கும் அவருகிட்ட எப்படிப் பேசுறது?”

“மனசுக்குள்ள.”

அன்றே கிளாரன்ஸ் ஒரு முடிவெடுத்தார். ஆடுகளுக்குப் பேசிப் புரியவில்லை. அட்டவணை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். மூன்று இரவு உட்கார்ந்து, அடுத்த ஞாயிறு எடுக்கவிருந்த திரித்துவப் பாடத்துக்காக ஆறு பக்கக் கையேடு ஒன்று தயார் செய்தார். நான்காம் பக்கத்தில் மூன்று கட்டங்கள்: பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. ‘சிருஷ்டித்தவர்’, ‘மாம்சத்தில் வந்தவர்’, ‘சிலுவையில் மரித்தவர்’ என்று வரிசையாகப் போட்டு, யாருக்கு எதுவோ அவருடைய கட்டத்தில் ஒரு டிக். இதற்குமேல் ஒருவர் குழம்பினால் அவருக்கு இரட்சிப்பே கஷ்டம் என்று எண்ணிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பாச்சாங்கில் உள்ள பிரிண்டிங் கடையிலிருந்து ஐம்பது பிரதி வந்தது. கிளாரன்ஸ் நான்காம் பக்கத்தைத் திறந்தார். ‘சிலுவையில் மரித்தவர்’ வரிசையில் டிக், பிதாவின் கட்டத்தில் இருந்தது. ஐம்பதிலும்.

அவருக்குக் காது சூடேறியது. பிரிஜிட் கையில் இந்தத் தாள் கிடைத்தால்? வடை வாங்க வருகிற எல்லோரிடமும் காட்டுவாரே! ஐம்பதையும் கட்டிலடியில் தள்ளிவிட்டுக் கடைக்குப் போன் போட்டு, உங்கள் மிஷின் டிக்கை நகர்த்திவிட்டது, நாளைக்கே வேறு அடித்துக் கொடுங்கள் என்று சத்தம் போட்டார். ஃபைலை மறுபடியும் அனுப்பினார்.

சனிக்கிழமை பகல் அவருடைய மகள் மெலிசா சோபாவில் படுத்திருந்தாள். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம்.

“போய் எடுத்துட்டு வந்துரும்மா. ஒரு மணிக்குக் கடை மூடிருவான்.”

“அப்பா, ஃபைல்ல எப்படி இருந்துச்சுன்னு செக் பண்ணீங்களா?”

“நான் பண்ணது. சரியாதான் இருக்கும்.”

“ஒருத்தரும் படிக்கப் போறதில்லப்பா. அங்கிள்மாருங்க விசிறிக்கத்தான் வச்சுக்குவாங்க. அடுத்த வாரம் கொடுங்களேன்லா.”

“சத்தியம் அடுத்த வாரம் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?”

மெலிசா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு மோட்டரில் போனாள். திரும்பி வரும் வழியில், பாச்சாங் சிக்னலில், இடதுபக்கம் திரும்பிய லாரி அவளைப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு கிளாரன்ஸும் மனைவி பவானேஸ்வரியும் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக்கு வெளியே, ஒன்றோடொன்று ஆணியடித்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மண்டைக்குள் ரத்தம் கசிகிறது, திறந்துதான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நர்ஸ் கொண்டுவந்து கொடுத்த மெலிசாவின் ஹெல்மெட்டும் ஒரு பிளாஸ்டிக் பையும் நாற்காலிக்கு அடியில் கிடந்தன. அதைக் குனிந்து பார்க்க இருவருக்கும் தைரியமில்லை.

“ஜெபம் பண்ணுங்க” என்றார் பவானேஸ்வரி.

கிளாரன்ஸ் கண்ணை மூடினார். “பிதாவே, இங்கே வந்து...” நின்றார். எங்கும் இருக்கிறவர் எங்கிருந்து வருவது? முதல் வாரம். “என் மகளுக்கு நடந்ததை...” எல்லாம் அறிந்தவரிடம் போய்ச் செய்தி சொல்வதா? இரண்டாம் வாரம். “எங்கள் கண்ணீரைப் பார்த்து மனம் உருகி...” உருகுவது மாறுவது அல்லவா. மூன்றாம் வாரம், அதுவும் பவர்பாயிண்டோடு. ஒவ்வொரு வாக்கியமும் நெஞ்சிலிருந்து புறப்பட்டுத் தொண்டைக்கு வரும். அங்கே கையில் சிவப்பு ஸ்டிக்கரோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவரும் கிளாரன்ஸ்தான்.

உள்ளே பிள்ளை கிடக்கிறாள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. அதைக் கேட்பதற்கு ஒரு கதவைக்கூட அவர் திறந்து வைத்திருக்கவில்லை. வாரத்துக்கு ஒன்றாகப் பூட்டு போட்டிருந்தார்.

“என்னா முணுமுணுக்கிறீங்க? வாய்விட்டுப் பண்ணுங்க.”

“வாக்கியம் சரியா வரல.”

பவானேஸ்வரி திரும்பி அவரைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

“உள்ள எம்புள்ள மண்டையத் தொறந்து வச்சிருக்காங்க. உங்களுக்கு வாக்கியமா? எங்கம்மா எஸ்டேட்டுல மாரியாத்தா முன்னாடி நின்னு ‘ஆத்தா, பாருடி’ன்னு கத்தும். அவ்ளோதான். அது ஒரு வாக்கியமா? ஆனா கத்துச்சு. உங்களுக்குக் கத்தக்கூடத் தெரியல.”

“பவானி...”

“பிரிஜிட் அக்காவக் கூப்புடுங்க.”

“அவங்களா?”

“நீங்க கூப்புடுறீங்களா, நான் கூப்புடவா?”

சனிக்கிழமை மாலை கிளேபாங்கில் கார் நிறுத்த இடமிருக்காது. வடைக்கு நிற்கிற கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு பிரிஜிட் நாற்பது நிமிடத்தில் வந்து சேர்ந்தார். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. எண்ணெய் வாசனையோடு பவானேஸ்வரியைக் கட்டிக்கொண்டார். பிறகு கிளாரன்ஸுக்கு எதிரே வந்து கைகட்டி நின்றார்.

“ஜெபம் பண்ணுங்க, சிஸ்டர்.”

பிரிஜிட் தயங்கினார். “எனக்கு இன்னும் ஒரு கிளாஸ் பாக்கி இருக்கே பிரதர்.”

குத்திக்காட்டுகிறாரோ என்று கிளாரன்ஸ் நிமிர்ந்து பார்த்தார். இல்லை. நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டார்.

“பரவால்ல.”

“தப்பா வந்துருச்சுன்னா? புள்ள விஷயம் இது.”

“பண்ணுங்க சிஸ்டர்! எப்படியாவது பண்ணுங்க.”

பிரிஜிட் தரையில் முழங்கால் போட்டார். “அப்பா பிதாவே” என்று ஆரம்பித்தார். “அந்தச் சிலுவையில நீரு பட்ட பாடு உமக்குத் தெரியும்பா. ஆணியடிச்ச வலி உமக்குத் தெரியும். இந்தப் புள்ள தலையில இப்ப அறுக்குறாங்க. நீரு பட்டவரு, உமக்குச் சொல்லவா வேணும்...”

கிளாரன்ஸின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. நோட்டு விரலில் பட்டதும் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

ஜெபம் முடிந்ததும் அவர் பிரிஜிட்டின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். திருத்துவதற்காகக் கேட்கவில்லை, அவருக்கு வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

“சிஸ்டர், கிளாஸ்ல அவ்வளவு சொன்னேனே. பிதா சாகலன்னு.”

“சொன்னீங்க பிரதர். எழுதிக்கூட வச்சேன்.” பிரிஜிட் ஏப்ரன் நுனியை முறுக்கினார். “எம் மவன் ஜோஷுவா டெங்கியில போனான்ல, ஒம்பது வயசுல. டாக்டரு எழுதிக் கொடுத்த தாளுல அவன் பேருதான் இருந்துச்சு. எம் பேரு இல்ல. சட்டப்படி நான் சாகல. சரிதான். ஆனா அன்னைக்கு யாரு செத்தான்னு எனக்குத் தெரியும். அப்ப மவன் தொங்குறத மேல இருந்து பாத்தவருக்கு மட்டும் ஒண்ணுமே ஆவலன்னா, அப்புறம் அவரு என்னா அப்பன்?”

கிளாரன்ஸிடம் இதற்குப் பதில் இருந்தது. மூன்றாம் வாரம், பதினேழாவது ஸ்லைடு. நன்றாக நினைவிருந்தது. வாயைத் திறந்தார். பதினேழாவது ஸ்லைடுக்குப் பதிலாக வேறொன்று வெளியே வந்தது.

“அப்பா! என் பரிசுத்த ஆவியே, எனக்காக ரத்தம் சிந்துனீரே, பிதாவே, முள்முடி போட்டீரே, இங்க வாங்கப்பா! உடனே வாங்க! நீங்க எழுதி வச்சிருந்தா அத அழிங்க! மனச மாத்துங்க! எம்புள்ளைய எடுத்துராதீங்கப்பா...”

மூன்று வாரப் பாடமும் ஒரே மூச்சில் தரைமட்டமானது. காரிடார் முழுக்க எதிரொலித்தது. ஒரு மலாய் காவலாளி ஓடிவந்து, “என்சிக், பெலான் சிக்கிட்” என்று மெதுவாகப் பேசச் சொன்னார். பிறகு கிளாரன்ஸின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய், ஒரு தண்ணீர் போத்தலோடு திரும்பி வந்தார்.

“ஆமென்” என்றார் பிரிஜிட். பவானேஸ்வரி கிளாரன்ஸின் முதுகில் கை வைத்தார்.

ஐந்தரைக்கு டாக்டர் வந்தார். கசிவை நிறுத்தியாகிவிட்டது. மூளையில் வீக்கம் இருக்கிறது. கண் விழிப்பாளா, விழித்தால் எப்படியிருப்பாள் என்பதை இப்போது சொல்ல முடியாது. மூன்று நாள் போக வேண்டும். நீங்கள் வேண்டுமானால் உங்கள் முறைப்படி வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். தன் முறை எது என்று கிளாரன்ஸுக்கு அந்த நேரத்தில் சொல்லத் தெரிந்திருக்காது.

மெலிசாவைக் கண்ணாடி வழியாக ஒரு நிமிடம் பார்க்க பவானேஸ்வரியை உள்ளே விட்டார்கள். ஒரு ஆள்தான் போகலாம். பிரிஜிட் கடையை மூடக் கிளம்பியவர் திரும்பி வந்தார்.

“பிரதர், நாளைக்கு சபையில நான் மெலிசாவுக்காக ஜெபிக்கலாமா? வாய்விட்டு?”

“நீங்கதான் ஜெபிக்கணும்.”

“அந்தத் தாளு ஏதோ கொடுக்கப் போறேன்னீங்களே. அத வச்சுப் பாத்துப் பண்ணட்டுமா? தப்பு வராம?”

கிளாரன்ஸ் குனிந்து நாற்காலிக்கு அடியிலிருந்த பையை எடுத்தார். வாய் இறுக முடிச்சுப் போட்டிருந்தது. மெலிசாவின் முடிச்சு, மழை வந்தால் தாள் நனையக் கூடாதென்று அவள் எப்போதும் இரண்டு முடிச்சுப் போடுவாள். அவிழ்க்க நேரமானது. உள்ளே ஐம்பது பிரதியும் கசங்காமல் இருந்தன. மேலே இருந்ததை எடுத்து நான்காம் பக்கத்தைத் திறந்தார்.

டிக் பிதாவின் கட்டத்தில் இருந்தது. பிரிண்டிங் கடையின் மீது தப்பில்லை; இரண்டாம் முறையும் கிளாரன்ஸ் அதே ஃபைலைத்தான் அனுப்பியிருந்தார்.