தட்டிப் பார்த்து வாங்கிய கிட்டார்

வேலைக்கு அல்லாமல் மச்சானும் அவனும் கடைசியாகச் சேர்ந்து போன இடம் ஒரு கிட்டார் கடை. சுவரில் தொங்கிய கிட்டார்களை மச்சான் ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். அவன் பக்கத்தில் நின்றான். கொஞ்ச நேரம்தான் நின்றான்.

மச்சான் என்றால் அவனுடைய அக்காவைக் கட்டியவர். இரண்டு பேருக்கும் டைல்ஸ் போடுகிற வேலை. ஒருவர் பசை பூசினால் மற்றவர் கல்லை வைப்பார். வருடக்கணக்கில் அப்படியே ஜோடியாக ஓடியது. பதித்த கல்லை மறுநாள் வந்து முட்டியால் தட்டிப் பார்க்காமல் மச்சான் விடமாட்டார். அடியில் பசை நன்றாகப் பரவியிருந்தால் 'டக்' என்று கெட்டியாகக் கேட்கும். எங்காவது இடைவெளி விட்டிருந்தால் 'டொக்' என்று பொக்குச் சத்தம் வரும். அந்தக் கல் இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது விரிசல் விடும். பொக்குச் சத்தம் கேட்டுவிட்டால், அதைப் பெயர்த்து மறுபடி ஒட்டும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

அப்படி ஒரு வீட்டில் குளியலறைக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையில் யாரோ கிட்டார் பழகினார்கள். நாள் முழுக்க ஒரே மெட்டு, அதே இடத்தில் அதே தப்பு. அவனுக்குக் காது புளித்துப் போனது. மச்சானோ பசை பூசுகிற கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தப்பா வாசிச்சே இவ்வளவு நல்லா இருக்குன்னா, சரியா வாசிச்சா எப்படி இருக்கும் மாப்ளே?"

"உங்களுக்கு எதுக்கு மச்சான் இந்த வயசுல?"

"மண்டி போட்டே பாதி ஆயுசு போச்சுடா. உக்காந்து செய்யற மாதிரி ஒரு வேலையாவது கத்துக்க வேணாமா?"

சனிக்கிழமை வேலை முடிந்ததும் கடைக்குக் கிளம்பினார்கள். "வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டுப் போலாம் மச்சான்" என்று அவன் சொன்னான். அவன் வேலையிடத்துக் குழாயிலேயே முகம் கழுவி, பையிலிருந்த நல்ல சட்டையை மாட்டியிருந்தான். மச்சானுடைய முழங்கை வரை சாம்பல் நிறத்தில் பசை காய்ந்திருந்தது. "கிட்டார் வாங்கத்தானே போறோம், பொண்ணு பாக்கவா?" என்று அவர் சிரித்தார்.

கடையில் ஏசி ஓடியது. நான்கைந்து கல்லூரிப் பிள்ளைகள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விரலால் மீட்டிக்கொண்டிருந்தார்கள். மச்சான் நேராகச் சுவருக்குப் போய், முதல் கிட்டாரில் காதை வைத்து முட்டியால் தட்டினார்.

"இதுல பொக்கு இருக்கு, தம்பி."

கடைக்காரருக்குப் புரியவில்லை. "கம்பியை மீட்டிப் பாருங்க ஐயா. சத்தம் எப்படின்னு அப்பத்தான் தெரியும்."

"கம்பியை அப்புறம் மாத்திக்கலாம். பலகையை மாத்த முடியுமா?" அடுத்ததைத் தட்டினார். "இதுலயும் பொக்கு. என்னங்க, எல்லாத்தையும் அவசரத்துல ஒட்டியிருக்காங்க!"

"கிட்டார்னா உள்ள காலியாத்தான் ஐயா இருக்கும்."

"காலியா இருந்தா நாளைக்கு விரிசல் விட்டுரும். எங்க தொழில் எங்களுக்குத் தெரியாதா?"

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருவன் தன் கிட்டாரைத் தட்டிக் காட்டி, "அங்கிள், இது தேறுமா பாருங்க" என்றான். மச்சான் நிஜமாகவே போய்க் குனிந்து காதை வைத்தார். கடையே சிரித்தது. மச்சானும் சேர்ந்து சிரித்தார். அவனுக்கு மட்டும் உடம்பு கூசியது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பிளக்காததால் மெல்ல நகர்ந்து, புல்லாங்குழல் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி அருகே போய் நின்றுகொண்டான்.

கடைக்காரர் அவனிடம் வந்தார். "சார், நீங்க அவரு கூட வந்தவரா? மோதிரம் பட்டா பாலிஷ் போயிடும், கொஞ்சம் சொல்லுங்களேன்."

"இல்லைங்க. நான் சும்மா பாக்க வந்தேன்."

அப்போது மச்சானுடைய கை ஒரு கிட்டாரின் மேல் நின்றுவிட்டது. பிறகு அதையே மறுபடி தட்டினார். 'டக்.'

"இதான்" என்றார், கடைக்காரரைப் பார்த்து. "இதுல பொக்கே இல்ல."

"அது பலகை தடிமன் ஐயா. சத்தம் கம்மியாத்தான் வரும்."

"வரட்டும். வீட்ல திட்டும் கம்மியா விழும்."

முன்னாலேயே வெளியே வந்து வண்டியருகே நின்றிருந்த அவனைப் பார்த்ததும், "கெட்டியா புடிச்சுக்க மாப்ளே, புதுப் பொண்ணு" என்று கிட்டாரை நீட்டினார். இருவருக்கும் நடுவில் அது உட்கார்ந்து வந்தது. வழியெல்லாம் மச்சான் அந்தக் குளியலறை மெட்டை, தப்போடு சேர்த்தே, முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை காலை, வேலையிடத்தில், "கொஞ்சம் உக்கார்றேன்டா" என்று சுவரில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குள் அவன் அடுத்த அறைக்குப் போய்க் கல் அறுத்துக்கொண்டிருந்தான். மிஷின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

எல்லோரும் வந்து அழுது, போன பிறகும் ஒரே கேள்வி அவனை அரித்தது. அந்தக் கை எதற்கு நின்றது? நல்ல கிட்டார் அகப்பட்டதாலா, அவன் சொன்னது காதில் விழுந்ததாலா? வண்டியில் பேசியதை எல்லாம் திருப்பித் திருப்பித் தட்டிப் பார்த்தான். எல்லாம் கெட்டியாகத்தான் கேட்டது.

ஒரு நாள் அக்கா கிட்டாரை அவனிடம் நீட்டினாள். "இதை வீட்ல வச்சுப் பாத்துட்டு இருக்க என்னால முடியலடா. கடையில வாங்கிக்குவாங்களான்னு கேளு."

"அன்னைக்குக் கடையில நடந்ததைப் பத்தி மச்சான் ஏதாச்சும் சொன்னாராக்கா?"

"எல்லாரும் சிரிச்சாங்கன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. 'தம்பி கூட இல்லையா, ரெண்டு சத்தம் போட்டிருப்பானே'ன்னு கேட்டேன். 'இல்ல, நான் மட்டும் தனியாத்தான் போனேன்'னாரு. ஏன், நீயும் போயிருந்தியா?"

அவன் கிட்டாரின் தலையைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டான். காட்டிக் கொடுத்திருந்தால்கூடத் தேவலை. அவன் சொன்ன பொய்யை மச்சான் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வீட்டிலும் பதித்துவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பெயர்த்தெடுக்க அன்றைக்கு அவனுக்கு நாக்கு எழவில்லை. "இல்லக்கா, சும்மா கேட்டேன்" என்றான்.

கடைக்குப் போனான். கடைக்காரர் கிட்டாரைத் திருப்பிப் பார்த்தார். "தட்டிப் பாத்து வாங்கினாரே, அவரோடதா? நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"அவரு என் மச்சான்" என்றான். "அன்னைக்கு அவரு கூடத்தான் நான் வந்தேன்."

கடையில் அப்போது வேறு யாருமே இல்லை. சிரிக்க ஆளில்லாத இடத்தில் சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று நினைத்ததும், முதல்முறை கூசியதைவிட அதிகமாகக் கூசியது. கடைக்காரர் ஏதோ விலை சொல்ல வாயெடுப்பதற்குள் கிட்டாரை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

"எடுத்துக்கலையா?" என்றாள் அக்கா.

"நான்தான் குடுக்கலக்கா" என்றான். மேலே சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கு முன், கிட்டாரின் அடியிலிருந்து மேல்வரைக்கும் ஒவ்வொரு இடமாகத் தட்டினான். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மச்சான் சொன்னது சரிதான். அதில் எங்கேயும் பொக்கு இல்லை.